ராமநாதபுரம் கடலோரம்: கோர்ட்டுக்கு வெளியே யாரிடம் முறையிடலாம்?

மோர்ப்பண்ணையிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரில் சங்கக் கூட்டம் போட்டாலும், கடல் கெட்டுப்போகிறது என்ற பேச்சு வந்தால் முடிவு இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு. இல்லையென்றால் மதுரைக் கிளையிலோ சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்திலோ வழக்கு. இரண்டும் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கெடுதலின் ஒரு முனை வெளிநாட்டில் இருந்தால் இவை பாதி தூரம்தான் போகும். கடன் வாஷிங்டனிலிருந்து வந்திருக்கும், கம்பெனியின் தலைமையகம் லண்டனில் இருக்கும், கப்பல் லைபீரியக் கொடியோடு போய்க்கொண்டிருக்கும். ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அங்கே நாடும் நாடும்தான் வழக்காட முடியும். மீனவர் சங்கத்தின் மனுவை வாங்கவே மாட்டார்கள்.

கோர்ட் அல்லாத சர்வதேச வழிகள் சில இருக்கின்றன. இவற்றில் எதற்கும் ஜப்தி செய்கிற அதிகாரம் கிடையாது, யாரையும் ஜெயிலில் போடவும் முடியாது. அப்படியிருந்தும் சில இடங்களில் நஷ்டஈடு வந்திருக்கிறது, சில இடங்களில் கம்பெனிக்குத் தலைவலி ஏற்பட்டிருக்கிறது, சில இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: கெடுதல் எவ்வளவு பெரியது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வேலைக்குப் பணம் போட்டது யார் என்பதை முதலில் விசாரியுங்கள். எங்கே போவது என்பது பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடும்.

கடன் கொடுத்தவரைக் கேட்பது

உலக வங்கி, அதன் குழுமத்தில் தனியாருக்குக் கடன் கொடுக்கும் ஐ.எஃப்.சி., ஆசிய வளர்ச்சி வங்கி என்று ஒவ்வொன்றிலும் பாதிக்கப்பட்டவர்களின் புகாரை வாங்க ஒரு தனி அமைப்பு உண்டு. வங்கிகள் மனமுவந்து வைத்தவை அல்ல இவை. நர்மதைப் போராட்டத்தின் நெருக்கடியில் சர்தார் சரோவர் அணைக்கான உலக வங்கிக் கடன் 1993-ல் பாதியில் நின்றது. அதே ஆண்டில்தான் வங்கி தன் இன்ஸ்பெக்‌ஷன் பேனலை அமைத்தது. ஐ.எஃப்.சி.யின் புகார் அலுவலகமான சி.ஏ.ஓ. 1999-ல் வந்தது. இங்கெல்லாம் கேள்வி ஒன்றுதான். சுற்றுச்சூழலுக்கும் மக்களுக்கும் பாதுகாப்பாக வங்கி தானே எழுதி வைத்திருக்கும் விதிகளை, இந்தக் கடனைக் கொடுக்கும்போது மதித்ததா? விசாரணை கம்பெனி மேல் அல்ல, கடன் கொடுத்தவர் மேல்.

நமக்கு மிக நெருக்கமான பாடம் குஜராத்தின் கட்ச் கடலோரத்தில் இருக்கிறது. முந்த்ராவில் டாடா குழுமத்தின் 4,000 மெகாவாட் அனல் மின் நிலையத்துக்கு ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஆண்டில் பல மாதம் கரையிலேயே குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிக்கிற சமூகம் அது. மின் நிலையம் கடலில் விடும் வெந்நீரால் மீன் வரத்து குறைகிறது, காயப்போட்ட மீன்மேல் நிலக்கரித் தூசி படிகிறது என்று 2011 ஜூனில் அங்குள்ள மச்சிமார் அதிகார் சங்கர்ஷ் சங்கதன் என்ற மீனவர் அமைப்பு சி.ஏ.ஓ.விடம் புகார் கொடுத்தது. 2013-ல் அறிக்கை வந்தது. பருவத்துக்கு வந்து தங்கும் மீனவர்களுக்கு வரும் பாதிப்பை ஐ.எஃப்.சி. சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதில் எழுதியே விட்டார்கள். காற்று மாறும்போது வடகடலுக்கும் தென்கடலுக்குமாக இடம் மாறித் தொழில் செய்கிற நம் ஆட்களையும் எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையும் ஒழுங்காக எண்ணுவதில்லை. முந்த்ரா அறிக்கையின் அந்தப் பகுதியை நம் சங்கங்கள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஐ.எஃப்.சி. அறிக்கையின் முக்கிய முடிவுகளை ஏற்கவில்லை. மீனவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். இந்த மாதிரி நிறுவனங்களுக்கு முழுமையான விலக்கு கிடையாது என்று 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. ஊரே கொண்டாடியது. ஆனால் 2020-ல் கீழ்க்கோர்ட் வேறொரு காரணம் சொல்லி வழக்கைத் தள்ளியது, 2021-ல் மேல்முறையீடும் தோற்றது, 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி கேட்க மறுத்துவிட்டது. பதினோரு வருடத்துக்குப் பின் கணக்குப் பார்த்தால், எழுத்தில் "தவறு நடந்தது" என்று கிடைத்த ஒரே ரகத் தாள்கள் கோர்ட்டுக்கு வெளியே கிடைத்தவைதான். அதற்காக வெந்நீர்க் கால்வாய் மூடப்படவுமில்லை. இந்த வழியின் எல்லை இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

நடைமுறையில் இது எளிது. தமிழிலேயே புகார் எழுதலாம், வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம். உலக வங்கியின் பேனலுக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேராவது சேர்ந்து எழுத வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கியில், முதலில் அந்தத் திட்டத்தைப் பார்க்கும் அதிகாரிகளிடம் பேசிப் பார்த்தோம் என்று காட்டவும் வேண்டும். கெடு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். திட்டம் முடிந்து வருடக்கணக்கில் ஆனபின் போனால் எந்த வங்கியும் எடுக்காது. ஜே.சி.பி. வந்து நிற்கிற நாளிலேயே கடன் யாருடையது என்று விசாரித்துவிட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நம் கடலோரத்தின் பெரிய சண்டைகள் பலவற்றில் இந்தப் பணமே இருக்காது. உப்பூர் அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 800 மெகாவாட் வீதம் இரண்டு அலகு, கடலுக்குள் பாலம் என்று திட்டம் போட்டார்கள். மோர்ப்பண்ணை மீனவர்கள் எதிர்த்தார்கள். அது மாநில மின்வாரியம் உள்நாட்டு நிதி நிறுவனக் கடனை நம்பி எடுத்த வேலை. அதற்கு வாஷிங்டனில் பதில் சொல்ல யாரும் இல்லை. 2021-ல் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது பசுமைத் தீர்ப்பாயம்தான். மாறாக, இப்போது நடக்கிற டி.என். ஷோர் கடலோரத் திட்டத்தில் உலக வங்கிப் பணம் இருக்கிறது. அலையாத்திக் காடு வளர்ப்பது, கடல் புல்லைக் காப்பது என்று நோக்கமெல்லாம் நல்லதுதான். நாளைக்கு அதே பெயரில் பாசி எடுக்கும் பெண்களைக் கடலில் இறங்கவிடாமல் தடுத்தால், பேனலிடம் போகிற உரிமை அவர்களுக்கு உண்டு.

கம்பெனியின் சொந்த ஊரில் கேட்பது

பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி., பன்னாட்டுக் கம்பெனிகளுக்கென்று 1976-லிருந்து நடத்தை நெறிகள் வைத்திருக்கிறது. கடைசியாக 2023-ல் திருத்தினார்கள். இதை ஏற்ற ஒவ்வொரு நாட்டிலும் தேசியத் தொடர்பு மையம் என்று ஒரு அலுவலகம் இருக்க வேண்டும். இந்தியா ஏற்கவில்லை. ஆகவே முழுக்க இந்தியக் கம்பெனி என்றால் இந்த வழி கிடையாது. தலைமையகமோ பெரிய முதலீட்டாளரோ பிரிட்டன், நார்வே, கொரியா, அமெரிக்கா என்று எங்காவது இருந்தால் அந்த நாட்டு மையத்தில் புகார் கொடுக்கலாம். மையம் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும், பேச்சு முறிந்தால் ஒரு இறுதி அறிக்கை விடும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்த வேதாந்தா கம்பெனி இங்கே வருகிறது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்க நினைத்த விவகாரத்தில் சர்வைவல் இன்டர்நேஷனல் 2008 டிசம்பரில் பிரிட்டன் மையத்தில் புகார் கொடுத்தது. கம்பெனி சரியாக ஒத்துழைக்கவே இல்லை. அந்த மலையின் பழங்குடிகளான டோங்ரியா கோந்த் மக்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை, நெறிகளை மீறியது என்று 2009-ல் மையம் அறிவித்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. சுரங்கத்தை நிறுத்தியது அந்த அறிக்கை என்று சொன்னால் அது மிகை. 2010-ல் மத்திய அரசு வன அனுமதியை மறுத்தது, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது, பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. பிரிட்டன் அறிக்கை முதலீட்டாளர்களைச் சங்கடப்படுத்தியது. மலையைக் காத்தது கிராம சபைத் தீர்மானம். ஒடிசாவின் போஸ்கோ எஃகு ஆலை விவகாரத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார்கள். 2012-ல் கொரியாவில் கம்பெனி மேலும், நெதர்லாந்திலும் நார்வேயிலும் அதில் பணம் போட்ட ஓய்வூதிய நிதிகள் மேலும் ஒரே சமயத்தில் புகார் கொடுத்தார்கள். கொரிய மையம் கைவிரித்தது. முதலீட்டாளர் பக்கம் கேட்ட இடங்களில்தான் காது கொடுத்தார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு, பெப்சி பாசி. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை 2000 வாக்கில் பெப்சி கம்பெனி மண்டபம் பக்கம் மிதவை கட்டி வளர்க்க வைத்தது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2008-ல் குருசடைத் தீவின் பவளப் பாறைகள்மேல் அது படர்ந்து மூடுவதாக ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதே காலத்தில் கம்பெனியும் தொழிலை வேறு கைக்கு மாற்றிவிட்டுப் போய்விட்டது. அமெரிக்காவின் தொடர்பு மையம் அப்போதும் இருந்தது. அங்கே போயிருக்கலாமா? விதிப்படி போயிருக்கலாம். ஆனால் புகாரில் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? அந்தப் பாசியை வளர்த்துக் கூலி பார்த்ததும் நம் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். கெடுதலும் வருமானமும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும் இடத்தில் "பாதிக்கப்பட்ட சமூகம்" என்று ஒரே குரலில் பேசுவது கஷ்டம். இந்தப் படிவங்கள் எதிலும் அதற்கு இடம் இல்லை.

ஐ.நா. கடிதமும் ராம்சர் பட்டியலும்

ஐ.நா. என்றதும் பெரிய எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. மனித உரிமை ஒப்பந்தக் குழுக்களிடம் தனிநபர் புகார் கொடுக்கும் முறையை இந்தியா எதிலும் ஏற்கவில்லை, அதனால் அந்தப் பாதை அடைப்பு. மிச்சம் இருப்பது சிறப்பு அறிக்கையாளர்கள். நச்சுக் கழிவுகளுக்கு ஒருவர், தூய்மையான சுற்றுச்சூழலுக்கான உரிமைக்கு ஒருவர் என்று இருக்கிறார்கள். நாம் எழுதினால், அவர்களுக்குச் சரி என்று பட்டால் அரசுக்கும் கம்பெனிக்கும் கடிதம் அனுப்புவார்கள். 60 நாள் கழித்து கடிதமும் பதிலும் பொதுவில் வரும். பதில் வராவிட்டாலும் வரும். அவ்வளவுதான். இந்தியா இந்த உரிமை விஷயத்தில் ஒரே நிலையில் நின்றதும் இல்லை: 2021-ல் மனித உரிமை மன்றத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியது, 2022 ஜூலையில் பொதுச் சபையில் ஆதரித்து வாக்களித்தது. ஆதரித்த வாக்கை நாம் மேற்கோள் காட்டிக்கொள்ளலாம். வேகமும் செலவின்மையும்தான் இதன் பலம். வேறொரு புகாருக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், தனியாக இதை நம்பி நிற்க முடியாது.

ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கை, யுனெஸ்கோ பக்கம் போகச் சொல்பவர்களும் உண்டு. மன்னார் வளைகுடா உயிர்க்கோளம் 2001-லிருந்து யுனெஸ்கோ வலையமைப்பில் இருக்கிறது, 2022-ல் ராம்சர் தலமும் ஆனது. ராம்சர் தலத்தின் இயற்கைத் தன்மை மாறுகிறது என்று அதன் செயலகத்துக்கு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். செயலகம் அரசிடம் விளக்கம் கேட்கும். நிலைமை மோசமென்றால் மான்ட்ரோ பதிவேடு என்ற பட்டியலில் போடுவார்கள். சிலிக்கா ஏரி 1993-ல் அதில் ஏறி, கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டிச் சீரானபின் 2002-ல் இறங்கியது.

எனக்கு இந்த வழியில் தயக்கம் இருக்கிறது. இந்தப் பட்டியல்களைக் கையில் எடுத்து நடவடிக்கை எடுப்பது யார்? வனத்துறை. 1986-ல் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து அந்தத் துறையின் கண்ணில் முதலில் படுவது கப்பலோ ஆலையோ அல்ல, மரிக்கொழுந்துப் பாசி எடுக்க வல்லத்தில் போகிற பெண். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். அந்தப் பெண்களின் சார்பில் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருதும் கிடைத்தது. அப்படியிருந்தும் தீவுப் பக்கம் போனால் பிடிக்கிறார்கள். "பவளப் பாறை கெடுகிறது" என்று நாம் ஜெனிவா பக்கம் எழுதுகிற கடிதம், சுற்றிச் சுற்றி வந்து வேதாளைப் பெண்ணின் சாக்குப் பையைப் பிடுங்குவதில் முடியலாம். கடலைக் கெடுப்பது எது என்பதையும், அந்தக் கடலில் யாருக்கு உரிமை என்பதையும் ஒரே கடிதத்தில் சேர்த்து எழுதாமல் இந்த வழிக்குப் போக வேண்டாம் என்பேன்.

இன்னொரு எச்சரிக்கை. கூடங்குளம் போராட்ட காலத்தில் தென் மாவட்டத் தொண்டு நிறுவனங்களின் வெளிநாட்டு நிதிக் கணக்குகள் முடக்கப்பட்டதைப் பார்த்தோம். வெளிநாட்டு அமைப்புக்குப் போகும் எந்தப் புகாரையும் ஊர்ச் சங்கத்தின் பெயரிலும் கிராம சபைத் தீர்மானத்தோடும் அனுப்புவதே பாதுகாப்பு.

கப்பலும் எண்ணெயும்

கச்சா எண்ணெய் போன்ற கெட்டி எண்ணெயை டேங்கர் கப்பல் கொட்டினால் நிலைமையே வேறு. உண்மையிலேயே பணம் தருகிற வழி இது ஒன்றுதான். 1992 நிதிய உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது. கப்பல் முதலாளியின் காப்பீடு போதாவிட்டால் லண்டனில் உள்ள ஐ.ஓ.பி.சி. நிதியம் மிச்சத்தைக் கொடுக்கும்; அந்தப் பணம் கடல்வழி எண்ணெய் வாங்குகிற நிறுவனங்களிடம் வசூலானது. தொழில் நின்ற நாட்களுக்கு மீனவர் நேரடியாகக் கேட்கலாம், யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2006-ல் பிலிப்பைன்ஸின் கிமாராஸ் தீவருகே சோலார் 1 என்ற டேங்கர் மூழ்கியபோது ஆயிரக்கணக்கான சிறு மீனவர்களுக்கு இப்படித்தான் பணம் போனது. நஷ்டம் ஏற்பட்ட மூன்று வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

ஆனால் 2021-ல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் டேங்கர் அல்ல. 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3-ம் அல்ல. இரண்டும் கன்டெய்னர் கப்பல்கள், கரையில் வந்து ஒதுங்கியது பிளாஸ்டிக் குருணை. அதற்கு இந்த நிதியத்தில் ஒரு பைசா கிடையாது. காப்பீட்டுக்காரரிடம் அரசு பேசி வாங்கித் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் கோர்ட்தான். கேரளம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது அதனால்தான்.

கோர்ட் இல்லாமல் சர்வதேச அளவில் பெரிய பணம் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையம், கடலிலும் பாலைவனத்திலும் நடந்த நாசத்துக்கு மட்டும் 500 கோடி டாலருக்கு மேல் அனுமதித்தது. குவைத்திலிருந்து ஊர் திரும்பிய இந்தியத் தொழிலாளர்களுக்கும் அதே ஆணையம் வழியாகப் பணம் வந்தது; கீழக்கரை, தொண்டிப் பக்கம் விசாரித்தால் விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் அங்கே போரில் தோற்ற ஒரு நாட்டின் எண்ணெய் வருமானத்தில் கைவைக்கப் பாதுகாப்பு மன்றம் இருந்தது. நமக்கு அந்த வசதி வாய்க்காது.

நாம் பதில் சொல்ல வேண்டிய இடம்

இந்த ஒப்பீட்டில் விசைப்படகை விட்டுவிட்டால் அது நேர்மையாக இருக்காது. பாக் நீரிணையில் எல்லை தாண்டிய சுற்றுச்சூழல் கெடுதல் என்று யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கேட்டால், விசைப்படகு கடலடியோடு வாரி இழுக்கும் நம் இழுவை மடியைத்தான் காட்டுவார்கள். பாம்பன் நாட்டுப்படகுக்காரரும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் தணிந்த குரலில். இதற்கு மேலே சொன்ன எந்த அலுவலகமும் பொருந்தாது. பன்னாட்டுக் கம்பெனி இல்லை, வங்கி இல்லை. வலை அறுந்தவரும் அறுத்தவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது ஒன்றுதான் வழி, அது நடந்தும் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் இரு நாட்டு மீனவர்களும் தமிழ்நாட்டில் பேசியபோது, ஒரு வருடத்துக்குள் இழுவை மடியை விட்டுவிடுவதாக நம் தரப்பு ஒத்துக்கொண்டது. அரசுகள் அதை எடுத்து நடத்தவில்லை, படகுகளின் மேல் கடன் இருந்தது, மாற்றுத் தொழில் கண்ணில் படவில்லை. ஒப்பந்தம் காற்றில் போனது. 2016-ல் அமைச்சர்கள் மட்டப் பேச்சில் முடிவாகிக் கூட்டுப் பணிக்குழு வந்தது, 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது, அதே ஆண்டில் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டத்தை இந்தியா அறிவித்தது. மாறியவை அந்த இலக்குக்கு வெகு தூரத்தில் நிற்கின்றன.

இதை நல்ல மனசுக்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு ஆலைக்கோ துறைமுகத்துக்கோ எதிராக சி.ஏ.ஓ.விடம் போனால் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: மீன் குறைந்தது எங்கள் வெந்நீராலா, உங்கள் இழுவை மடியாலா? அதற்கு நம்மிடம் பதில் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே என் தேர்வு இப்படி. திட்டத்தில் வளர்ச்சி வங்கிப் பணம் இருந்தால் முதலில் அங்கே, காத்திருக்காமல். வெளிநாட்டுக் கம்பெனியோ முதலீட்டாளரோ மட்டும் இருந்தால் ஓ.இ.சி.டி. மையம், அதிலும் முதலீட்டாளரைக் குறிவைத்து. ஐ.நா. கடிதம் இரண்டிலும் துணைக்கு. இவை எதுவும் இல்லாத உள்நாட்டுத் திட்டமென்றால் வெளிநாட்டு முகவரிகளைத் தேடி நேரத்தை வீணாக்காமல் கிராம சபையும் பசுமைத் தீர்ப்பாயமும். எண்ணெய் கொட்டினால் நிதியம். இதில் எங்கே போனாலும் கேட்கப்போவது ஒரே கணக்கைத்தான்: கெடுவதற்கு முன்னால் எவ்வளவு மீன், எவ்வளவு பாசி வந்தது? ஏலக் கூடத்துச் சீட்டும் பாசி எடைச் சீட்டும் நம் வீடுகளில் ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகின் வரத்தை மட்டும் தனியாக எழுதிப் பார்க்க அதைவிடத் தோதான 61 நாள் கிடையாது. ஊருக்கு ஒரு நோட்டுப் போட்டு, படகு வாரியாக எடையையும் மீன் இனத்தையும் பிடித்த இடத்தையும் வரும் தடைக்காலத்திலேயே எழுதத் தொடங்கலாம்.